ஒளியும் எடையும்
காமிராவின் இயல்பு லென்ஸ் வளர்ந்த வரலாறு

நிழற்படக் கலை இன்று பள்ளிச் சிறுவரும் பயிலும் கலையாகிவிட்டது. கைத்தொலைபேசியே காமிராவாகப் பயன்படும் காலம் இது. ஆயினும், பள்ளி நாடகத்தையோ, இலக்கிய விழாவையோ, மாலைக் கூட்டத்தையோ செவ்வையாகப் படமெடுத்துப் பின்னோர்க்கு வைக்க விரும்புவோர் தனிக் காமிரா ஒன்றை இன்றும் நாடவே செய்கின்றனர். அங்ஙனம் கடைக்குச் செல்லும் ஆசிரியர் ஒருவர், ‘மிரர்லெஸ்’ என வழங்கும் ஆடியில்லாக் காமிராவை எளிதில் தேர்ந்துவிடுகிறார். அதற்குரிய லென்ஸைத் தேரும்போதுதான் திகைத்து நிற்கிறார்.

திகைப்புக்குக் காரணம் உண்டு. கேனன் நிறுவனம் தன் ஆடியில்லாக் காமிராக்களுக்கென 160 கிராம் எடையுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும், 950 கிராம் எடையுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் செய்திருக்கிறது. ஒரே இடத்தில் நின்று நோக்கினால் இரண்டும் ஒரே காட்சியை ஒரே அளவில் காட்டுகின்றன. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இவற்றுள் எதனைக் கொள்வது? இவ்வினாவுக்கு விடை காண, விளம்பரத் தாள்களைவிட வரலாறே பெரிதும் துணை செய்யும். அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

முதற்கண் அறிய வேண்டுவன

லென்ஸ் என்று நாம் கூறுவது ஒரே கண்ணாடித் துண்டன்று. பல வில்லைகளை வரிசையாக அடக்கிய குழல் அது. அதன் இயல்பினை இரண்டு எண்கள் உணர்த்தும். ஒன்று குவியத் தூரம். மற்றொன்று எஃப் எண். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸின் துவாரம் 25 மி.மீ. விட்டமுடையதாயின் அஃது எஃப் 2 ஆகும். எண் சிறுகச் சிறுக ஒளி பெருகும். ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆதலின் எஃப் 2 லென்ஸ், எஃப் 4 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உட்செலுத்தும். ஒளி மிகுந்தால் ஷட்டர் விரைந்து மூடலாம். இது பற்றியே இத்தகைய லென்ஸை வேகமுள்ள லென்ஸ் என்கின்றனர்.

படச்சட்டத்தின் மூலைவிட்டத்துக்கு ஏறத்தாழ ஒத்த குவியத் தூரமுடையது இயல்பு லென்ஸ். கடைக்காரர் இதனை ‘ஸ்டாண்டர்டு லென்ஸ்’ என்பர். அகலம் 36, உயரம் 24 மி.மீ. கொண்ட சட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. ஆகும். எனவே 40 முதல் 58 மி.மீ. வரையுள்ள லென்ஸுகள் அச்சட்டத்துக்கு இயல்பு லென்ஸ் எனக் கொள்ளப்படுகின்றன. அவை அருகிலுள்ளதை மிகப் பெரிதாக்குவதுமில்லை. தொலைவிலுள்ளதை இழுத்துக் காட்டுவதுமில்லை.

வியன்னாப் பேராசிரியரின் கணக்கு

1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு டாகுவேர் தம் நிழற்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது, அதனால் கட்டடங்களைப் படமெடுக்க முடிந்ததே அன்றி மனித முகத்தை எளிதில் எடுக்க முடியவில்லை. லென்ஸ் ஏறத்தாழ எஃப் 15 அளவில் இருந்தமையால், பல நிமிடங்கள் ஒருவர் அசையாது அமர வேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் வியன்னாப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால். அதுகாறும் லென்ஸ் செய்வோர் தேய்த்துப் பார்த்து, பொருந்தாததைத் தள்ளிப் பொருந்தியதைக் கொண்டனர். பெட்ஸ்வாலோ ஒளிக்கதிர் ஒவ்வொரு வில்லையிலும் எங்ஙனம் வளைகிறது என்பதை முன்னரே கணக்கிட்டார். இப்பெருங்கணக்கில் அவருக்குத் துணை நின்றோர் ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்கறிந்த வீரர் சிலர். 1840-ல் வோய்க்ட்லாண்டர் நிறுவனம் செய்து முடித்த அந்த லென்ஸ், ஏறத்தாழ எஃப் 3.6 அளவினது. முன்னைய லென்ஸைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக ஒளியைத் தந்தது. மனித முகம் நிழற்படத்தில் இடம்பெறும் வழி இதனால் எளிதாயிற்று.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. படத்தின் நடுவே தெளிவாக விழுந்த உருவம், ஓரங்களில் மங்கியது. துவாரத்தை அகலத் திறந்தால் ஒளி மிகும். அதனோடு பிழைகளும் மிகும். அப்பிழைகளைத் திருத்த வில்லைகள் மேலும் வேண்டும். வில்லைகள் மிக எடையும் விலையும் மிகும். 1840-ல் தோன்றிய இவ்வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

மூச்சுத்திணறலும் சிறு காமிராவும்

அடுத்த பெரும் மாற்றம் ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. அங்கே லைட்ஸ் என்னும் உருப்பெருக்கிக் கருவி நிறுவனத்தில் ஒஸ்கார் பர்னாக் என்பவர் பணியாற்றினார். நிழற்படத்தில் பெருவிருப்புடையவர், ஆனால் ஆஸ்துமா நோயாளி. 13க்கு 18 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளை இட்டுப் படமெடுக்கும் அந்நாளைய காமிராவைச் சுமந்துகொண்டு மேடேறுவது அவருக்கு இயலாததாயிற்று. எனவே திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறு காமிரா ஒன்றை 1914-ஆம் ஆண்டுக்குள் செய்து பார்த்தார். திரைப்படச் சட்டம் 18க்கு 24 மி.மீ.; அதனை இருமடங்காக்கி 24க்கு 36 மி.மீ. என அமைத்தார். இன்று ‘முழுச்சட்டம்’ என விலையுயர்ந்த காமிராக்களில் போற்றப்படும் அளவு இதுவே. வேடிக்கை யாதெனில், தோன்றிய காலத்தில் இது மிகச் சிறிய சட்டமெனக் கருதப்பட்டது.

சிறு படத்தைப் பெரிதாக்கும்போது தெளிவு குறையாதிருக்க வேண்டுமே! அதற்குரிய லென்ஸைக் கணக்கிட்டவர் அந்நிறுவனத்து அறிஞர் மக்ஸ் பெரெக். 50 மி.மீ., எஃப் 3.5 என்பது அதன் அளவு. எல்மார் என்னும் பெயரால் புகழ்பெற்ற அவ்வகை லென்ஸில் நான்கே வில்லைகள். முதல் உலகப் போரால் தடைப்பட்ட இம்முயற்சி, 1924-ல் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து எடுத்த முடிவால் உயிர்பெற்று, 1925-ஆம் ஆண்டு லைப்சிக் நகர்ச் சந்தையில் லைக்கா என்னும் பெயரோடு வெளிவந்தது. ஐம்பது மில்லிமீட்டரை இயல்பு அளவாக உலகெங்கும் நிலைநாட்டியது இந்தக் காமிராவே.

இங்கு ஆசிரியப் பெருமக்கள் ஒன்றைக் கருத வேண்டும். இயல்பு லென்ஸ் பிறந்தபோது அதன் முதற்பண்பு வேகமன்று. நோயாளி ஒருவரும் சுமந்து செல்லத்தக்க எளிமையே அதன் முதற்பண்பு.

இருண்ட மன்றத்தில் ஒரு வழக்கறிஞர்

எனினும் எஃப் 3.5 விளக்கொளிக்குப் போதவில்லை. அக்காலத்துப் படச்சுருளின் உணர்திறன் மிகக் குறைவு. 1935-ல் வந்த கோடாக்குரோம் வண்ணச் சுருளின் உணர்திறன், இன்றைய ஐ.எஸ்.ஓ. கணக்கில் ஏறத்தாழ 10 மட்டுமே. ஆகவே வேகமுள்ள லென்ஸைத் தேடியது வீண் ஆசையன்று, அக்காலத்தின் கட்டாயமாகும்.

டிரெஸ்டன் நகரத்து எர்னமன் நிறுவனத்தில் பணியாற்றிய லுட்விக் பெர்ட்டெலே என்னும் இளைஞர், தம் இருபத்துமூன்றாம் வயதளவில் எர்னோஸ்டார் என்னும் எஃப் 2 லென்ஸைக் கணக்கிட்டார். அதனைப் பொருத்திய எர்மனாக்ஸ் காமிரா 1924-ல் வந்தது. பின்னர் எஃப் 1.8 லென்ஸும் வந்தது. முன்பு பெரிதும் வழங்கிய எஃப் 4.5 லென்ஸைவிட ஆறு மடங்குக்கும் மேலான ஒளி அது!

இக்காமிராவைக் கையிலெடுத்தவர் எரிக் சாலமன். சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், 1928-ல் பெர்லின் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஒன்றைத் தொப்பிக்குள் மறைத்த காமிராவால் படமெடுத்துப் புகழ்பெற்றார். 1930-ல் ஹேக் நகர மாநாட்டில், நள்ளிரவு கடந்தும் முடியாத பேச்சினால் களைத்து நாற்காலியில் சாய்ந்திருந்த அமைச்சர்களை அவர் எடுத்த படம் உலகப் புகழ் வாய்ந்தது. அதற்குமுன் அரசியல் தலைவர்களை மக்கள் கண்டதெல்லாம் நிமிர்ந்து நின்று எடுத்துக்கொண்ட படங்களே. மின்னல் விளக்கின்றி, பிறர் அறியாமல், இருக்கும் ஒளியிலேயே எடுத்த இப்படங்களால் ஆள்வோரும் நம்மைப் போன்ற மனிதரே என்பது புலனாயிற்று. யூதராகப் பிறந்த சாலமன், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார். ஆயினும் தப்பவில்லை. 1944-ல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் அவர் மாண்டார். வேகமுள்ள லென்ஸ் வரலாற்றுக்கு ஆற்றிய தொண்டினைக் கூறுவோர் அவர் பெயரை விடுத்துக் கூறுதல் இயலாது.

எர்னமன் நிறுவனம் 1926-ல் சைஸ் ஐக்கான் என்னும் பெரு நிறுவனத்தில் இணைந்தது. பெர்ட்டெலே அங்கே சொன்னார் என்னும் லென்ஸைப் படைத்தார். 1932-ல் வந்த கான்டாக்ஸ் காமிராவுக்கு எஃப் 2, எஃப் 1.5 ஆகிய அளவுகளில் 50 மி.மீ. சொன்னார் லென்ஸுகள் கிடைத்தன. இதன் நுட்பம் எளிதாக விளங்கக்கூடியது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு முகப்பிலும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கோ அதற்கு மேலோ எதிரொளித்து வீணாகும். வீணான ஒளி உள்ளே சிதறிப் படத்தை வெளுக்கச் செய்யும். பெர்ட்டெலே பல வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்டி, மூன்றே தொகுதிகளாக்கினார். ஆதலின் காற்றைச் சந்திக்கும் முகப்புகள் ஆறாகக் குறைந்தன.

இதற்கு முன்னரே, 1896-ல், பவுல் ருடோல்ப் என்பவர் பிளானார் என்னும் வேறோர் அமைப்பை வகுத்திருந்தார். ஓரம்வரை தெளிவு தரும் சிறந்த அமைப்பு அது. ஆயினும் எட்டு முகப்புகள் கொண்டமையால் ஒளிச்சிதறலுக்கு ஆளாயிற்று. 1935-ல் சைஸ் நிறுவனத்து இயற்பியலறிஞர் அலெக்சாண்டர் சுமாகுலா, வில்லையின் மேல் மிக மெல்லிய பூச்சினைப் படியவைத்து எதிரொளிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். அப்பூச்சு பரவியபின் பிளானார் வழிவந்த அமைப்பே மேலோங்கியது. இன்றைய எளிய 50 மி.மீ. லென்ஸுகளிற் பல அதன் வழித்தோன்றல்களே.

ஜப்பானியரும் வேகப் போட்டியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கலையின் தலைமை மெல்ல மெல்ல ஜப்பானுக்குப் பெயர்ந்தது. 1950-ல் அமெரிக்க நிழற்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் தோக்கியோவில் நிக்கோர் லென்ஸுகளைச் சோதித்துப் பார்த்து வியந்தார். அவ்வாண்டு மூண்ட கொரியப் போரை அவற்றைக் கொண்டே படமெடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு இச்செய்தியை வெளியிட, ஜப்பானிய லென்ஸ் மலிவுப் பொருள் என்ற எண்ணம் மறையலாயிற்று.

பின்னர் எழுந்தது எண்களின் போட்டி. 1961-ல் கேனன் 50 மி.மீ. எஃப் 0.95 லென்ஸை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1966-ல் லைட்ஸ் நிறுவனம் எஃப் 1.2 நாக்டிலக்ஸை வெளியிட்டது. ஆனால் அதே லைட்ஸ் 1953-ல் வெளியிட்ட எஃப் 2 சம்மிக்ரான், இத்தகைய போட்டியில் இறங்காமலே, தெளிவுக்கு அளவுகோலாக மதிக்கப்பட்டது. வேகத்தின் எல்லையைத் தொட்டவை அரும்பொருளாயின. நடுநிலையில் நின்றது நாள்தோறும் பயன்பட்டது.

ஆடி வந்ததும் போனதும்

ஆடியில்லாக் காமிரா புதுமை எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் 1925-ன் லைக்காவிலும் ஆடி இல்லை. லென்ஸின் வழியே வரும் காட்சியையே கண்ணாற் காண வேண்டும் என்ற விருப்பத்தால் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் எழுந்தன. அவற்றில் லென்ஸுக்குப் பின்னே சாய்வான ஆடி ஒன்று நின்று, படமெடுக்கும் கணத்தில் மேலே எழும்பும். அவ்வாடி அசைய இடம் வேண்டுமாதலின், லென்ஸ் முன்னே தள்ளி நிற்க நேர்ந்தது. 1959-ல் வந்த நிக்கான் எஃப் காமிராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சுருளுக்கும் இடையே 46.5 மி.மீ. தொலைவு. லைக்கா எம் காமிராவிலோ 27.8 மி.மீ. மட்டுமே. இந்நெருக்கடியால், வேகமும் 50 மி.மீ. குவியத் தூரமும் சேர்ந்த லென்ஸை எஸ்.எல்.ஆர். காமிராவுக்குச் செய்வது கடினமாயிற்று. 1957-ன் அசாகி பென்டாக்ஸ் முதலிய காமிராக்கள் 58 மி.மீ. லென்ஸோடு வந்தமைக்கு இதுவே காரணம். 1962-ல் நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸைத் தந்தபோது அத்தடை பெரிதும் நீங்கிவிட்டது.

2008-ல் பானசோனிக் ஜி1 காமிரா ஆடியை விலக்கி, மின்திரையில் காட்சியைக் காட்டியது. 2013-ல் சோனி ஏ7 முழுச்சட்டக் காமிராவிலும் அவ்வாறே செய்தது. 2018-ல் நிக்கானும் கேனனும் அவ்வழியே வந்தன. நிக்கான் இசட் காமிராவில் அந்த இடைத்தொலைவு 16 மி.மீ. ஆகச் சுருங்கியது. லென்ஸுகளும் இனிச் சிறுத்துவிடும் எனப் பலர் எதிர்பார்த்தனர்.

நடந்தது என்ன? 1990-ல் ஆடியுள்ள காமிராவுக்காகக் கேனன் வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் எடை 130 கிராம். 2020-ல் ஆடியில்லாக் காமிராவுக்கு வெளியிட்ட அதே அளவு லென்ஸின் எடை 160 கிராம். 2018-ல் நிக்கான் வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 415 கிராம். அதனுள் 12 வில்லைகள். 2019-ல் அந்நிறுவனம் 58 மி.மீ. எஃப் 0.95 லென்ஸ் ஒன்றை 2 கிலோகிராம் எடையில் செய்தது. ஆடி நீங்கியதால் காமிராவின் உடல் மெலிந்ததே அன்றி, இயல்பு லென்ஸ் தானாக மெலியவில்லை.

எடை எங்கிருந்து வந்தது?

இரண்டு வழிகளில் எடை ஏறியது. முதலாவது, துவாரம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு 28 மி.மீ. அளவு விட்டம் போதும், எஃப் 1.2 லென்ஸுக்கு 42 மி.மீ. அளவு வேண்டும். விட்டம் ஒன்றரை மடங்கானால், வடிவம் மாறாத கண்ணாடியின் கனஅளவு மூன்று மடங்குக்கு மேலாகும். இரண்டாவது, திருத்தம். பெட்ஸ்வால் கண்ட அதே பிழைகளைப் போக்க வில்லைகளைப் பெருக்க வேண்டும். தொடக்கத்தில் கூறிய கேனன் லென்ஸுகளுள் எஃப் 1.8 லென்ஸில் 6 வில்லைகள், எஃப் 1.2 லென்ஸில் 15. இவற்றின் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம்: ஒளி இரண்டேகால் மடங்கு, எடை ஏறத்தாழ ஆறு மடங்கு.

துவாரம் மாறாத போதும் எடை ஏறுவதுண்டு. பியூஜிபிலிம் 2012-ல் வெளியிட்ட 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் 187 கிராம். அதன் சிறிய சட்டத்துக்கு 35 மி.மீ. இயல்பு அளவாகும். 2021-ல் வந்த 33 மி.மீ. எஃப் 1.4 லென்ஸோ 360 கிராம். வில்லைகள் எட்டிலிருந்து பதினைந்தாயின. ஓரத் தெளிவு உயர்ந்தது உண்மை. ஆனால் அவ்வுயர்வு பெரிய அளவில் அச்சிடுவோர்க்கே புலனாகும்.

ஏற்ற லென்ஸ் எது?

இனித் தேர்வுக்கு வருவோம். சாலமன் காலத்தில் எஃப் 1.8 இன்றியமையாததாக இருந்தது. இன்று ஐ.எஸ்.ஓ. 3200-ல் தயக்கமின்றிப் படமெடுக்கலாம். பழைய கோடாக்குரோமைவிட இது முந்நூறு மடங்குக்கு மேலான உணர்திறன். எஃப் 1.2 தரும் இரண்டேகால் மடங்கு ஒளியை, ஐ.எஸ்.ஓ. எண்ணை ஒரு படிக்குச் சற்று மேலாக உயர்த்தியே ஈடுசெய்துவிடலாம். பின்னணியை மிக மங்கச் செய்யும் அழகு ஒன்றே அகன்ற துவாரத்துக்கு எஞ்சி நிற்கும் தனிச்சிறப்பு. மூன்று வரிசையில் மாணவரை நிறுத்தி எடுக்கும் படத்துக்கு அச்சிறப்பும் ஆகாது, எஃப் 5.6 அளவுக்குத் துவாரத்தைச் சுருக்கினால்தான் எல்லா முகங்களும் தெளியும்.

அதனால் வேகமே வேண்டாவென்பது கருத்தன்று. காமிராவின் கைந்நடுக்கத் தடுப்பு நம் கையின் நடுக்கத்தை அடக்குமே அன்றி, ஆடும் மாணவியின் கையை நிறுத்தாது. அதற்கு விரைந்து மூடும் ஷட்டர் வேண்டும். அதற்கு ஒளி வேண்டும். எனவே மேடை நிகழ்ச்சிகளை எடுப்போர்க்கு எஃப் 1.8 அல்லது எஃப் 2 தக்க அளவு. முழுச்சட்டக் காமிராவில் கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 (160 கிராம்), நிக்கான் 40 மி.மீ. எஃப் 2 (170 கிராம்), சோனி 50 மி.மீ. எஃப் 1.8 (186 கிராம்) ஆகியன இவ்வகையின. மேலும் திருத்தமான படம் வேண்டுவோர்க்குச் சோனியின் 55 மி.மீ. எஃப் 1.8 (281 கிராம்) உண்டு. பெர்ட்டெலே படைத்த சொன்னாரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பகலொளியிலும் வெளியிடங்களிலும் மட்டும் எடுப்போர்க்கு எஃப் 2.5 அளவே மிகுதி. சட்டம் சிறிதாயின் குவியத் தூரமும் அதற்கேற்பச் சிறுக வேண்டும். பியூஜிபிலிமின் 35 மி.மீ. எஃப் 2 (170 கிராம்), பானசோனிக்கின் 20 மி.மீ. எஃப் 1.7 (100 கிராம்) ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

வாங்குமுன் மூன்று சோதனைகளைக் கடையிலேயே செய்து பார்க்கலாம். காமிராவில் லென்ஸைப் பொருத்தி, ஒரு கையால் சில நிமிடம் ஏந்திப் பார்த்தல் முதலாவது. மங்கலான மூலை ஒன்றில் நடந்து வரும் ஒருவரை நோக்கி, லென்ஸ் தடுமாறாமல் குவிகிறதா என்று காணுதல் இரண்டாவது. எடை குறைந்த லென்ஸுகளிற் சில இவ்விடத்தில்தான் பின்தங்கும். துவாரத்தை முழுதும் திறந்து எடுத்த படத்தின் நடுவையும் ஓரத்தையும் பெரிதாக்கி நோக்குதல் மூன்றாவது. இம்மூன்றிலும் தேறியது, எஃப் எண் எதுவாயினும், உங்களுக்கு உரிய லென்ஸாகும்.

பர்னாக் தம் மூச்சு தாங்கும் அளவுக்குக் காமிராவைச் சுருக்கினார். சாலமன் மன்றத்தின் இருளுக்குப் போதுமான அளவுக்கு ஒளியை நாடினார். தாம் எடுக்க விரும்பிய படத்துக்கு எது குறையாக இருந்ததோ, அதனை மட்டுமே இருவரும் தேடினர். இன்றைய நமக்கு ஒளியில் குறையில்லை. நாள்தோறும் கையிலெடுத்துச் செல்லும் மனம்தான் குறைகிறது. ஒரு கிலோகிராம் எடையுள்ள லென்ஸ் பேழைக்குள் உறங்க, விழாக்கள் பதிவின்றிக் கழியுமானால், அந்த வேகத்தால் வரும் பயன் யாது? நம் பள்ளிகளின் அரங்கேற்றங்களும் மூத்த ஆசிரியர்களின் பிரிவுபசார நாட்களும் மீண்டும் வாரா. அவற்றுக்கு அழைத்துச் செல்லத்தக்க லென்ஸே நல்ல லென்ஸ்.